பவளக்காலிக்குச் சிவப்பு

பிப்ரவரி 9, ஞாயிறு

அரங்கநாதன் சார் நத்தைகுத்தி நாரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், அது உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

உயிரோடு இருந்ததைப் பார்த்துத்தான் வரைந்தேன் சார். மூன்று நாள் காலையில் பாகூர் ஏரிக்கரையில் கொசுக்கடியில் உட்கார்ந்து, நத்தையை உடைக்கும்போது அது கழுத்தை எப்படி வளைக்கிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். அந்தக் கழுத்துதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "இவ்ளோ அசைவு வேணாம்மா. அந்தக் காலப் படத்துல பறவை சும்மா நிக்கும். பக்கவாட்டுல, ஒரு கால் முன்னாடி, காலுக்கடியில ஒரு சின்ன மண்மேடு. அவ்வளவுதான்."

அந்தக் காலம் என்றால் நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா. மறுமலர்ச்சிக் காலம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஏரியில் இருக்கிற முப்பது பறவைகளை அந்தக் காலத்துப் பாணியில் பெரிய புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவருடைய பதினைந்து வருஷ ஆசையாம். வரைய ஆள் தேடி, மூலக்குளம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ்ஸாக இருக்கிற என்னைப் பிடித்தார். "அட்டையில என் பேரு, அதுக்குக் கீழ உன் பேரு" என்று முதல் நாளே சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கொசுக்கடியெல்லாம். இதுவரை பதினேழு படம் முடித்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒன்றாம் வகுப்பு போனபோது கூடவே உட்கார்ந்து என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள். புத்தக அட்டையில் அதை அவள் விரல் வைத்துப் படிக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

மாதிரிக்கென்று ஒரு பெட்டி நிறைய நகல்கள் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பறவைக்குக் காலே இல்லை. சொர்க்கப் பறவையாம். கிழக்கே எங்கேயோ தீவுகளில் பிடித்தவர்கள் காலை வெட்டிவிட்டு, பதப்படுத்திய தோலை மட்டும் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே வாங்கிய படிப்பாளிகள் மேசையில் போட்டுப் பார்த்துவிட்டு, இதற்குக் காலே கிடையாது, இது வானத்திலேயே பறந்துகொண்டு பனித்துளியைக் குடித்து வாழ்கிறது என்று எழுதிவைத்தார்களாம். வரைந்தவனும் காலில்லாமலே வரைந்துவிட்டான். சார் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன்டா, ஒரு பறவை என்றால் எங்கேயாவது உட்காரத்தானே வேண்டும்? வரைகிறவனுக்கு அது கூடவா தோன்றவில்லை?

பிப்ரவரி 11, செவ்வாய்

நத்தைகுத்தியைச் சாகடித்து முடித்தேன். வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மை அனுப்பியிருக்கிறார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பவளக்காலி மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது.

ஊரில் நெட்டக்காலி என்பார்கள். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஊசி அலகு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் பவளச் சிவப்பில் இரண்டு கால். ஏரியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்தால் சேற்றோரம் முழுக்க அதுதான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன்.

சார் நம்பமாட்டேன் என்கிறார். "காலு இவ்ளோ நீளம் இருக்காதும்மா. நீ ஆசையில இழுத்துட்டே." போட்டோ அனுப்பினேன். லென்ஸ் நீட்டிக் காட்டுமாம். ஏரிக்கு வாங்க சார், காட்டுகிறேன் என்றேன். முட்டிவலியாம். "நினைவும் பொய் சொல்லும், போட்டோவும் பொய் சொல்லும். மேசை மேல வச்சு ஸ்கேல் போட்டு அளந்தாதான் நிஜம். அந்தக் காலத்துல செத்த பறவையை வச்சுத்தான் வரைஞ்சாங்க. உங்க பக்கம்தான் இதெல்லாம் புடிப்பாங்களே, ஒண்ணு கிடைக்காதா?"

உங்க பக்கம்.

எந்தப் பக்கம் சார்? ஏரியிலிருந்து அரை மைலில் இருக்கிற எங்கள் தெருப் பக்கமா? அவர் குடும்பத்து நிலத்தில் முப்பது வருஷம் நாற்று நட்ட பக்கமா? போன மாதம் பேச்சோடு பேச்சாக, "உங்கம்மா ரோசா நாத்து நல்லா நடுவா" என்றார். எங்கம்மா அவரைவிட மூன்று வயது மூத்தவள். வாயை மூடிக்கொண்டு படத்தைச் சுருட்டி எடுத்து வந்தேன். அட்டை, அட்டை, அட்டை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று ஒரு அசிங்கமான காரியம் செய்தேன். எழுதிவைக்கிறேன்.

தம்பி கலைவேந்தன் அடுத்த தெருவில் இருக்கிறான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஆனால் வலையை விடவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டாளிகளோடு ஏரியில் வலை கட்டுவான், பிடித்ததைச் சாராயக்கடைப் பக்கம் வறுத்து விற்கிறவர்களிடம் கொடுப்பான். மாட்டினால் ஜெயில். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய வலையை நான் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். அதற்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

இன்று அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "ஒரு நெட்டக்காலி வேணும்" என்றேன்.

"நீயா கேக்கற?"

"நான்தான் கேக்கறேன்."

சிரித்தான். அவன் சிரித்ததற்குக்கூட நியாயம் இருக்கிறது. "வலையைக் கொளுத்துனவ வந்து கேக்கறாப்பா" என்று உள்ளே பெண்டாட்டியிடம் சொன்னது வாசல் வரை கேட்டது.

ஏன் கேட்டேன்? படத்துக்காக என்று சொன்னால் பொய். அந்த மனுஷன் மூஞ்சியில் ஸ்கேலை வைத்து, பாருங்க சார் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் கலைவேந்தன் ஒரு பாலித்தீன் பையோடு வந்தான். நேற்று விடியலில் பிடித்ததாம், ஒரு நாள் முழுக்க அவன் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்ததாம். அம்மா நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து அப்போதுதான் வந்தாள்.

"சாம்பல் புதன் அதுவுமா வூட்டுக்குள்ள செத்ததைக் கொணாந்து வச்சிக்கீறீங்களே, அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னா பேய் புடிச்சிக்கிது?"

கறி சமைக்காத நாள், கவிச்சி வாசனையே ஆகாத நாள். நான் பையைப் பிடுங்கி எங்கள் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். கலைவேந்தன் போகாமல் நின்றான்.

"ஏக்கா, ஒண்ணு சொல்லணும்—"

"ஒண்ணும் வேணாம். நீ கெளம்பு."

அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் ஏதாவது சொன்னால் என் வாயிலிருந்து என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்தது. போய்விட்டான்.

மார்ச் 7, வெள்ளி

லீவு போட்டு வரைந்தேன். காலையில் ஆரம்பித்து, சாயங்காலம் ஐந்துக்கு முடிந்தது.

முதலில் அளந்தேன். நான் வரைந்திருந்ததைவிட நிஜக் கால் அரை அங்குலம் நீளம்! ஆசையில் இழுத்தேனாம். இழுக்காமல் விட்டிருக்கிறேன் சார்!

அவர் சொன்ன மாதிரியே செய்தேன். மேசை மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் பறவை, மேலே டியூப் லைட். பக்கவாட்டு, ஒரு கால் முன்னாடி, ஒரு மண்மேடு. இறக்கைக் கறுப்பில் ஒரு பச்சை மினுமினுப்பு இருக்கிறது, அதை விடவில்லை. கண்ணைச் சுற்றி ஒரு சின்ன வளையம், அதையும் விடவில்லை. காலுக்கு வெளிறிய ரோஜா கலந்த மஞ்சள், முட்டியில் லேசாகச் சாம்பல். மேசையில் என்ன இருந்ததோ அது மட்டும். நினைவிலிருந்து ஒரு பொட்டு கூட நான் சேர்க்கவில்லை. இனி எவனும் இதில் குறை சொல்ல முடியாது.

கொல்லையில் முருங்கைமரத்தடியில் புதைத்தேன். எடையே இல்லை அதற்கு. அதைக் கையில் எடுத்தபோதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

வில்லியனூரில் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவு எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்தேன். ஸ்கேலை எடுத்து அவரே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். காலை இரண்டு தடவை அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதும்மா படம். முகப்புப் படம் இதுதான். தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்துல முழுசாப் போடறோம்."

பழைய புத்தகம் மாதிரி இருக்க வேண்டும் என்று சொரசொரப்பான தடித் தாள் வாங்கியிருக்கிறார், பளபளப்பே இல்லாதது. அந்தக் காலத்தில் அச்சில் கறுப்புக் கோடு மட்டும்தான் வருமாம், அதற்கப்புறம் ஒவ்வொரு பிரதியாக எடுத்து உட்கார்ந்து கையாலேயே வண்ணம் தீட்டுவார்களாம். "நமக்கு அந்தத் தொல்லை இல்ல. எல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். ஸ்கூட்டியில் வரும்போது பாட்டுகூடப் பாடினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முப்பதும் முடிந்து, அச்சகத்திலிருந்து மாதிரித் தாள்கள் வந்திருக்கின்றன. முகப்புப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"நெட்டக்காலியா? நல்லாத்தான் கீது. காலு ஏன்டி சோகை புடிச்ச மாதிரி கீது?"

"இன்னா?"

"அதுக்குச் செவப்புல்ல இருக்கும்? நடவுல குனிஞ்சிக்கினு இருந்தா நமக்கு அதும் காலு மட்டுந்தான் தெரியும். மொளகாப் பழமாட்டம் இருக்கும்."

ஓடிப்போய் ஏரி நோட்டை எடுத்தேன். ஜனவரியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: கால் — பவளச் சிவப்பு, வெயிலில் ஆரஞ்சு அடிக்கும். மூன்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்! மூன்று படத்திலும் சிவப்பாகத்தான் தீட்டியிருந்தேன். அவர் திருப்பி அனுப்பிய மூன்றும் சரி. அவர் கண்ணாடி துடைத்துப் பாராட்டிய நாலாவதுதான் தப்பு.

செத்த பிறகு வெளுத்துப்போயிருக்கிறது. கால் வெளுத்த பறவையை மேசையில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து பார்த்த சிவப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கேலோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அறிவு கெட்டவளே. அறிவு கெட்டவளே! காலில்லாத பறவையை வரைந்தவனை அன்றைக்கு என்னமாய்த் திட்டினாய். அவனாவது அந்தப் பறவையை உயிரோடு பார்த்ததில்லை. நீ?

ஏப்ரல் 28, திங்கள்

இடைவேளையில் சாருக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையதுதான் சார், படத்தைக் கொடுங்க, ஒரே நாளில் திருத்தித் தருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

தாள்கள் ஓட ஆரம்பித்துவிட்டனவாம். "விடும்மா. அந்தக் காலப் புத்தகத்துலயும் தப்பு இருக்கு. அதுவும் ஒரு அழகுதான்."

கால் நீளம் அதிகம் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவர்.

மே 18, ஞாயிறு

தலைப்புப் பக்கம் பிடிஎஃப்பாக வந்தது. எனக்கு அனுப்பவில்லை, அச்சகத்துப் பையன்கள் குரூப்பில் தெரியாமல் போட்டுவிட்டார்கள்.

அரங்கநாதன். அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

கீழே கீழே என்று தள்ளிக்கொண்டே போனேன். ஏழாம் பக்கத்தில் நன்றியுரை. 'தட்டச்சு செய்தவருக்கும், படங்கள் வரைய உதவிய செலியமேடு உஷாவுக்கும், கார் ஓட்டிய ஆண்டனிக்கும் என் அன்பு.'

வரைய உதவிய. யார் வரைந்ததற்கு நான் உதவினேன்? பென்சில் சீவிக் கொடுத்தேனா? உஷாராணி என்பதில் பாதியைக் காணோம். ஆண்டனிக்காவது அவர் ஓட்டியது கார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கோடை டிராயிங் வகுப்புக்குப் போய்ப் பூவும் தொட்டியும் வரையச் சொன்னேன். ஒரு பெண் பெயர் எழுதாமல் தாளைக் கொடுத்தது. அதன் மேல் கத்திவிட்டேன். பாவம், அழுதுவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

போனேன். கேட்டேன்.

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காகிதக் கப்பில் வந்தது. ஒன்றரை வருஷமாக அந்தக் காகிதக் கப்பில்தான் குடிக்கிறேன், இன்றைக்குத்தான் தொடாமல் வைத்தேன்.

"அட்டையில பேரு போடறேன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். ஆனா மரபுன்னு ஒண்ணு இருக்கே உஷா. மறுமலர்ச்சிக் காலப் புத்தகத்துல பறவை வரைஞ்சவன் பேரு யாருக்காவது தெரியுமா? எழுதினவன் பேருதான் நிக்கும். நாம அந்தப் பாணியில செய்யறோம்."

இதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் கொடுத்த பெட்டியைப் போன வாரம் முழுக்கக் கிளறினேன். அடியில் ஒரு நகல் கிடைத்தது. மூன்று ஆட்களின் உருவப்படம். ஒருத்தர் குவளையில் இருக்கிற செடியைப் பார்த்து வரைகிறார், ஒருத்தர் அதைக் கட்டைக்கு மாற்றுகிறார், இன்னொருத்தர் கட்டையைச் செதுக்கினவர். மூன்று பேருக்கும் பெயர் போட்டிருக்கிறது. அதே காலம், அதே ஊர்ப்பக்கம். எடுத்து ஊஞ்சல் பலகையில் வைத்தேன்.

பார்த்தார்.

"இது செடிப் புத்தகம்மா" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வில்லியனூர் தேரடியிலிருந்து பாகூர் வரைக்கும் ஸ்கூட்டியில் கத்திக்கொண்டே வந்தேன். செடி வரைகிறவனுக்குப் பெயர் உண்டு, பறவை வரைகிறவளுக்குக் கிடையாதா, போய்யா.

ஜூன் 15, ஞாயிறு

வரையவில்லை. ஏரிப் பக்கம் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பாகூர் கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. போகக்கூடாது என்றிருந்தேன். அம்மா பெட்டியிலிருந்து பச்சைப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வாசலில் மேசை போட்டு அடுக்கியிருந்தார்கள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையில் விரலை ஓட்டினாள். மேலே ஓட்டினாள், கீழே ஓட்டினாள், திருப்பிப் பின்னட்டையிலும் பார்த்தாள்.

"எங்கடி கீது?"

"உள்ள கீதும்மா."

"உள்ளயா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. புத்தகத்தை அடுக்கின மாதிரியே திரும்ப வைத்தாள். அந்த நிமிஷம் மண்டபத்துக்கே தீ வைத்திருப்பேன்.

மேடையில் முகப்புப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். சார் பேசினார். துல்லியம் என்றார், அளவு என்றார், மேற்கத்திய முறை என்றார். நாலாவது வரிசையிலிருந்து கலியம்மாள் அக்கா எழுந்தது. அம்மாவோடு நடவுக்குப் போகிறவள். மைக் எல்லாம் அந்த அக்காவுக்குத் தேவையில்லை.

"ஐயா, இது எந்த ஊரு குருவிங்க? எங்க ஏரியில இருக்கறதுக்குக் காலு செவப்பு. இது வெளுத்துப் போயிக்கிதே, செத்ததா?"

மண்டபமே சிரித்தது. டவுனிலிருந்து கேமராவோடு வந்திருந்த பறவை பார்க்கிற கூட்டம் ஏற்கெனவே தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தது, இப்போது வாய்விட்டே சிரித்தது. நூலகங்களுக்கு வாங்க வந்திருந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "அது வந்து... வரைஞ்சது உஷாராணின்னு செலியமேட்டுப் பொண்ணு. அவங்க பண்ண தவறு" என்றார்.

முழுப் பெயர். ஊர்ப் பெயரோடு. ஒலிபெருக்கியில்.

முப்பது படத்துக்குக் கிடைக்காத பெயர் ஒரு தப்புக்குக் கிடைத்தது. தப்பு நிஜமாகவே என்னுடையது, அதனால் எழுந்து ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

கோபத்தில் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் இன்னும் கோபம்.

ஜூலை 27, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் கார். முட்டிவலிக்காரர் எங்கள் தெருவில் இறங்கினார், முதல் தடவையாக.

அம்மா நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் ஒரே மாதிரி டம்ளர்தான்.

நூலகங்களுக்கு வாங்குவதாக இருந்தவர்கள் காலைச் சரிசெய்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். பிழைதிருத்தச் சீட்டு ஒட்டித் தருகிறேன் என்றாராம். படத்தில் இருக்கிற தப்புக்குச் சீட்டு ஒட்டி என்ன பயன் என்று கேட்டார்களாம். தைத்து அட்டை போட்ட புத்தகத்தைப் பிரித்து மறுபடி அச்சடிப்பதும் நடக்காத காரியம். நானூறு பிரதியும் அவர் வீட்டு மாடியில் கிடக்கின்றன.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு பிரதிக்கும் கையாலதான் வண்ணம்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். நீங்கதான் சொன்னீங்க."

"நீ ஒருத்திதான் செய்ய முடியும் உஷா. காலு மட்டும்தானே?"

காலு மட்டும்தான். வெளிறிய மஞ்சளாக இருப்பதால் மேலே சிவப்பு ஏறும், சொரசொரப்புத் தாள் என்பதால் நீர்வண்ணம் பிடிக்கும். இதெல்லாம் ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். அந்தப் பறவைக்கு நான் அவ்வளவாவது செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

"செய்யறேன். புத்தகமெல்லாம் இங்க வரணும், உங்க வூட்டுல உக்காந்து செய்ய மாட்டேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் என் பேரை நானே எழுதுவேன். முழுசா."

"அதான் நன்றியுரையில—"

"அப்போ நன்றியுரையையே அனுப்பிடுங்க சார். அவங்க எடுத்துக்கறாங்களான்னு பாக்கலாம்."

அம்மா அடுக்களையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போட்டாள், எனக்குத் தெரியும். சார் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். "சரிம்மா" என்றார். அம்மா பக்கம் திரும்பி, "வரேங்க" என்றார். ங்க.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கலைவேந்தனின் லோடு ஆட்டோவில்தான் பிரதிகள் வந்து இறங்கின. அவனை யார் கூப்பிட்டது என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு வேற ஆட்டோ தெரியுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். இன்று விடுமுறை, நாளை பதினாறு, நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள், நமக்கு அதுவும் விடுமுறை. பத்து நாளில் தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதி முடிந்திருக்கிறது. காலுக்கு இரண்டு பூச்சு. முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் முட்டியில் கசிகிறது. இடுப்பு போய்விட்டது.

கலைவேந்தன் மத்தியானம் வந்தான். எதிரில் உட்கார்ந்து, தீட்டிய பிரதியை விரித்துப் பிடித்து மின்விசிறிப் பக்கம் காட்ட ஆரம்பித்தான். ஒரு இருபது பிரதி அப்படியே போயிற்று. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"வலை இன்னும் கீதா?"

"கீது. மார்ச்சுக்கப்புறம் கட்டல." அடுத்த பிரதியை விரித்துக்கொண்டே, "அது செத்துட்டா காலு வெளுத்துடும்க்கா. அலகுகூட மாறிடும். எத்தினி பாத்துக்கீறேன். அன்னிக்கே சொல்லலாம்னு வந்தேன்."

தூரிகையைக் கீழே வைத்தேன்.

"ஏன்டா சொல்லல?"

"நீ எங்க உட்ட? கெளம்புன்னுட்ட."

உண்மைதான். இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், மார்ச் ஐந்து. அவன் வாயைத் திறந்தான், நான் மூடினேன். பறவையைக் கொல்கிறவனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அரங்கநாதன் சார் என்னிடம் செய்ததைத்தான் நான் இவனிடம் செய்திருக்கிறேன். ஆறு மாதமாக யார் யார் மேலேயோ கோபப்பட்டேன். இதற்காக என் மேலேயே கோபப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தூரிகையை மறுபடி எடுத்து, அடுத்த பிரதியை இழுத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மா ஒரு பிரதியை எடுத்துப் படத்துக்குக் கீழே விரலை வைத்தாள். உ, ஷா, ரா, ணி. நாலும் சரியாக வந்தது. "கையெழுத்து ஏன்டி இவ்ளோ கோணலா கீது, டீச்சரு நீ" என்றாள். இருநூறு தடவை எழுதினால் அப்படித்தான் ஆகும் என்றேன். அந்தப் பிரதியைத் திரும்ப அடுக்கில் வைக்கவில்லை, தன் பெட்டியில் பட்டுப்புடவை மேல் வைத்துப் பூட்டிவிட்டாள். சாருக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் போகும்.

கலைவேந்தன் காலையிலேயே வந்துவிட்டான். இன்றைக்கு வண்ணம் புதிதாகக் கலக்க வேண்டியிருந்தது. கலந்து, ஒரு காலில் மட்டும் வைத்து, பெயர் எழுதுவதற்கு முன்னால் பிரதியை அவன் பக்கம் திருப்பினேன்.

"சரியா கீதாடா?"

வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் செவப்புக்கா."

வைத்தேன்.